மேடை கேட்காதீர்கள், பூத் கேளுங்கள்

கட்சி வேலை செய்ய ஆசைப்படும் கல்லூரித் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பெங்களூரு அல்சூர்க்காரி. 2023 சட்டமன்றத் தேர்தலில், பத்தொன்பது வயதில், ஒரு கட்சிக்காகத் தெருவில் இறங்கினேன். 2024 மக்களவைத் தேர்தலில், வாக்குச்சாவடிக்குள் கட்சியின் சார்பில் கவனித்துக்கொண்டிருக்கும் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தேன். எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. உங்களுக்குப் பிடித்த கட்சி வேறாக இருக்கலாம், வேலை ஒன்றுதான்.

கட்சி அலுவலகத்துக்கு முதல்முறை போகும்போது தனியாகப் போகாதீர்கள். நம்பிக்கையான நண்பர்கள் மூன்று நான்கு பேராகப் போங்கள். வார்டுத் தலைவர் உங்கள் கையில் கொடியைக் கொடுத்து ஊர்வலத்தில் முன்வரிசையில் நிற்கச் சொல்வார். படிக்கிற பிள்ளைகள், படத்தில் பார்க்க நன்றாக இருக்கும் என்பது அவர் கணக்கு. மரியாதையாகச் சொல்லுங்கள்: "அண்ணா, எங்களுக்கு ஒரு பூத்தை ஒப்படையுங்கள். அதன் வாக்காளர் பட்டியல் வேண்டும்." அந்த நிமிடமே உங்களை அவர் பார்க்கும் பார்வை மாறும். ஊர்வலத்துக்கு எப்படியும் ஆள் சேர்ந்துவிடும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாடிப் படி ஏறத்தான் ஆள் கிடைப்பதில்லை.

பட்டியல்தான் முதல் வேலை

ஒரு பூத் என்றால் ஏறத்தாழ ஆயிரம் வாக்காளர்கள். எங்களுக்குக் கிடைத்தது சோமேஸ்வரர் கோயில் பக்கத்தில் சில சந்துகள். பட்டியல் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே பாகம் பாகமாகக் கிடைக்கிறது; கட்சிக்காரர் தரும்வரை காத்திருக்க வேண்டாம். அச்செடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டு வரிசையில் திருப்பி எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலின் வரிசையும் தெருவின் வரிசையும் பெரும்பாலும் ஒத்துப் போகாது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவு, பிறகு பத்து நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எங்கள் பகுதியில் தமிழ்ப் பெயர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இன்றைய கன்னட எழுத்தில் 'ழ' இல்லை. கனிமொழி 'கனிமொளி' ஆவாள் அல்லது 'கனிமொலி' ஆவாள். ஆங்கிலத்தில் ஒருவர் எழுதியது போல இன்னொருவர் எழுத மாட்டார். பெயரைத் தட்டித் தேடிவிட்டு "உங்கள் பெயர் இல்லையம்மா" என்று சொல்லிவிடாதீர்கள். வாக்காளர் அட்டை எண்ணை வைத்துத் தேடுங்கள். அட்டை தொலைந்திருந்தால் அப்பா அல்லது கணவர் பெயரையும் வீட்டு எண்ணையும் வைத்துப் பாருங்கள். நாங்கள் 'இல்லை' என்று முதலில் குறித்துவைத்த வீடுகளில் பல, இரண்டாம் முறை தேடியபோது வேறு எழுத்தில் கிடைத்தன.

மூன்று படிவங்களை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருங்கள். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. முகவரி மாற்றம், பெயர்த் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று எல்லாவற்றுக்கும் படிவம் 8. பெயரை நீக்கப் படிவம் 7. முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதிகளும் கணக்கு. பதினேழு நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஆகவே உங்கள் வகுப்பறையிலிருந்தே தொடங்குங்கள். சேலத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், பெற்றோர் ஊரிலோ விடுதி இருக்கும் இடத்திலோ பதிவு செய்துகொள்ளலாம். இரண்டிலும் செய்யக் கூடாது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இது தெரியவே இல்லை. எல்லா விண்ணப்பங்களையும் வேட்புமனுத் தாக்கல் முடிவதற்குப் பத்து நாளுக்கு முன்பாவது கொடுத்துவிடுங்கள். சந்தேகத்துக்கு 1950 என்ற உதவித் தொலைபேசி எண் இருக்கிறது.

படிவம் நிரப்பித் தரும்போது கட்சியைப் பற்றிப் பேசாதீர்கள். எதிர்க்கட்சிக்குப் போடுகிற வீடு என்று தெரிந்தாலும் நிரப்பித் தாருங்கள். எங்கள் வார்டு அண்ணாவுக்கு இது பிடிக்கவில்லை. நான் விடவில்லை. ஒருவருடைய பெயர் பட்டியலில் இருப்பது அவருடைய உரிமை. அதை நம் கட்சிக்கு லாபமா நஷ்டமா என்று பார்த்துச் செய்பவர் அரசியலுக்கு வர வேண்டாம்.

எந்த நேரத்தில் கதவைத் தட்டுவது

எங்கள் சந்துப் பெண்கள் பலர் இந்திராநகர் அடுக்ககங்களில் வீட்டு வேலை செய்கிறார்கள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரண்டு மணிக்குத்தான் திரும்புவார்கள். ஆண்களில் ஆட்டோ ஓட்டுபவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. வார நாள்களில் மாலை ஆறரை முதல் எட்டு வரை, ஞாயிறு பத்து முதல் ஒன்று வரை. இதற்கு வெளியே போனால் பூட்டைத்தான் பார்ப்பீர்கள்.

அதைவிட முக்கியம் தண்ணீர் வரும் நேரம். காவிரித் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருகிறது என்று நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் முதல் வாரம் அப்படியொரு மாலையில் போய் நின்றோம். வாசலில் நீல டிரம், மோட்டார் சத்தம், இடுப்பில் குடத்தோடு ஓர் அக்கா. நான் துண்டறிக்கையை நீட்டுகிறேன். அவர் என்னைப் பார்த்தார், நிரம்பிக்கொண்டிருந்த டிரம்மைப் பார்த்தார், "கை ஈரமாக இருக்கிறது, அந்த ஜன்னலில் வைத்துவிட்டுப் போம்மா" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். துண்டறிக்கையை என் தோழியிடம் கொடுத்துவிட்டு டிரம்மிலிருந்து குழாயை எடுத்து அடுத்த குடத்துக்கு மாற்றினேன். கால் மணி நேரம் அதைத்தான் செய்தோம். தண்ணீர் நின்றதும் அவரே படியில் உட்கார்ந்து பேசினார்: மாமியார் பெயர் பட்டியலில் இல்லை, மகனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, பின்சந்துச் சாக்கடை மாதக்கணக்கில் அடைத்துக் கிடக்கிறது. நாங்கள் தயாரித்துக்கொண்டு போன பேச்சில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

அந்தச் சாக்கடையை எழுதிக்கொள்ளுங்கள். பெங்களூரு மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் கார்ப்பரேட்டர் என்று ஒருவரே இல்லாமல் வருடங்கள் ஓடின. யாரிடம் சொல்வது என்று தெரியாத மக்கள், நோட்டும் பேனாவுமாக வரும் மாணவரிடம் சொல்வார்கள். "ஜெயித்தால் செய்வோம்" என்று சொல்லாதீர்கள். வார்டு அலுவலகத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி அவர்கள் கையில் கொடுங்கள்.

ஒரு வீட்டுக்கு இருவர் போதும். ஐவராகப் போனால் வசூலுக்கு வந்தவர்கள் என்று பயப்படுவார்கள். இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். உள்ளே அழைத்தாலும் வாசலிலேயே பேசுங்கள். பதினெட்டு ஆகாத தம்பியைத் துணைக்கு அழைத்துப் போகாதீர்கள். குழந்தைகளைப் பிரசாரத்தில் ஈடுபடுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

மொழியைச் சொல்லி வாக்குக் கேட்காதீர்கள்

இது நம் ஆட்களுக்கு எளிதில் வாயில் வந்துவிடும் பேச்சு. "வேட்பாளர் தமிழர்களுக்கு வேண்டியவர், தமிழர்கள் நாம்தான் போட வேண்டும்" என்று எங்கள் குழுவில் ஒரு தம்பி ஒரு வாசலில் சொன்னான். அங்கேயே நிறுத்தினேன். மதம், சாதி, மொழியைச் சொல்லி வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-இன்படி முறைகேடு. வேட்பாளரின் மொழி மட்டுமல்ல, வாக்காளரின் மொழியைச் சொன்னாலும் அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வேட்பாளரின் வெற்றியே செல்லாமல் போகலாம்.

சட்டத்தை விடுங்கள். 2009 ஆகஸ்டில் எங்கள் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டபோது எனக்கு ஐந்து வயது. அப்பாவின் தோளிலிருந்து கூட்டத்தைப் பார்த்தேன். கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த சிலை. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். அந்த நல்லிணக்கம் வரும்வரை இங்கிருந்த பெரியவர்கள் எத்தனை பொறுமையோடு காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு வாக்குக்காக அதைக் கீறிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. கன்னட வீட்டில் கன்னடத்தில் பேசுங்கள். "நமஸ்கார அக்கா, ஊட்ட ஆய்தா?" (சாப்பாடு ஆயிற்றா?) என்று தொடங்கினால் கதவு முழுதாகத் திறக்கும். தமிழ் வீட்டில் தமிழ் பேசுங்கள். பேசும் விஷயம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

வேறு சில சட்டங்களும் உங்கள் தலையில் நேராக விழக்கூடியவை. துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். நாங்கள் அவசரத்தில் ஓர் அச்சகத்தில் இரண்டாயிரம் துண்டறிக்கை அடித்தோம். அந்த வரி விடுபட்டிருந்தது. ஒன்றைக்கூட வெளியே விடாமல் கட்டோடு எடைக்குப் போட்டோம். கைக்காசு போனது வலித்தது. அச்சுக்குப் போகும் முன் இருவர் படித்துக் கையெழுத்திடுங்கள். பொதுச் சுவரில் ஒட்டாதீர்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் ஓய வேண்டும். வேறு தொகுதியிலிருந்து உதவ வந்த நண்பர்களை அதற்குள் ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வாங்காதீர்கள், கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். வாக்குக்குப் பணம் கொடுப்பவரைப் போலவே வாங்குபவரும் குற்றவாளி. "இந்தக் கவரை மட்டும் அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வா" என்று யாராவது சொன்னால், அன்றோடு அவருடன் வேலை செய்வதை நிறுத்துங்கள். வழக்கு விழுந்தால் பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் விசாரணையில் வந்து நிற்கப் போவது உங்கள் பெயர்தான்.

வீட்டில் அம்மா "படிக்கிற பெண்ணுக்கு எதற்குக் கட்சி?" என்று கேட்டார். வாதாடவில்லை. ஒரு மாலை அவரையே கூட அழைத்துப் போனேன். மறுநாள் அவர் தன் தோழிகளின் வாக்காளர் அட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் கட்சியைக் கொண்டுபோகாதீர்கள். வருகைப் பதிவையும் பரீட்சையையும் தொடாத நேரங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வாக்குப்பதிவு நாள்

2023 மே 10 அன்று நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. எங்கள் சந்துப் பாட்டி ஒருவர் வழக்கமான பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவருடைய பெயர் வேறொரு பள்ளியின் பூத்துக்கு மாறியிருந்தது. வெயிலில் அங்கே போக ஆட்டோ பிடித்துத் தருவதற்குள், "அடுத்த தடவை போட்டுக்கொள்கிறேன் கண்ணு" என்று சொல்லித் திரும்பிவிட்டார். வாக்களிக்க வேண்டிய இடம் அச்சான வாக்காளர் ஸ்லிப்பை அவருக்குக் கொடுத்தவள் நான். அதில் அச்சாகியிருந்த பள்ளியின் பெயரை நான் வாசித்துச் சொல்லவில்லை. ஸ்லிப்பை நீட்டிவிட்டு நகராதீர்கள். இடத்தை உரக்கச் சொல்லுங்கள், அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஸ்லிப் மட்டும் அடையாளச் சான்று ஆகாது. வாக்காளர் அட்டை, இல்லையென்றால் ஆதார் போன்ற ஏதாவது ஒன்று வேண்டும் என்றும் சொல்லுங்கள். நடக்க முடியாத முதியவருக்கு வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி உண்டு. 2024-இல் அது 85 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தது. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவம் 12டி கொடுக்க வேண்டும்.

கட்சியின் மேசை பூத்திலிருந்து 200 மீட்டருக்கு வெளியே இருக்க வேண்டும். 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்பதே குற்றம். ஏஜென்டாக உட்கார்பவர் விடிவதற்கு முன்பே போய்விடுங்கள். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது ஐம்பது வாக்குகள் போட்டு, எண்ணி, அழித்துவிட்டு முத்திரை வைப்பார்கள். நான் விரல்விட்டு எண்ணினேன். பக்கத்தில் இருந்த எதிர்க்கட்சி ஏஜென்ட் அண்ணனும் எண்ணினார். மதியம் என்னிடம் தண்ணீர் தீர்ந்தபோது தன் பாட்டிலை நகர்த்திவைத்தவர் அவர்தான். முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர் எல்லோருக்கும் டோக்கன் உண்டு. கடைசி ஆள் போட்டு முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். 17சி படிவத்தின் நகலைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்தப் பூத்தில் எத்தனை வாக்குகள் பதிவாயின என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் அந்த ஒரு தாள்தான்.

முடிவு வந்த வாரம், ஜெயித்தாலும் தோற்றாலும், நோட்டை எடுத்துக்கொண்டு அதே சந்துகளுக்குப் போங்கள். 2024-இல் என் நோட்டில் பதினொரு பெயர்கள் மிச்சமிருந்தன. பாட்டியின் பெயர் அதில் முதலாவது. ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து படிவம் 8 நிரப்பினோம்.