நூறு கிராம் ஈயத்தைத் தோற்கடித்த இருபது கிராம் அலுமினியம்

அக்கா மகள் வேதியியல் புத்தகத்தோடு வந்து நின்றாள். 100 கிராம் ஈயம், 20 கிராம் அலுமினியம். எதில் அணு அதிகம், எத்தனை மடங்கு? முதல் தடவை நானே தப்பாகப் போட்டேன்.

கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் வாங்குகிறவர்களுக்கு இது புரிந்த விஷயம்தான். ஒரு கிலோ வஞ்சிரம் என்றால் ஒற்றை மீனாகவே இருக்கும். ஒரு கிலோ நெத்திலியை எண்ணி மாளாது.

முதலில் எடை. வலையில் கோக்கிற ஈயக்குண்டு கொஞ்சம், சமையலறை அலுமினியத் தாள் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம். சாதாரண டிஜிட்டல் தராசு போதும், ஸ்பிரிங் தராசை நம்பாதீர்கள். ஈயத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அடுத்து அணு நிறை. நான் சறுக்கியது இங்கேதான். தனிம அட்டவணையில் ஈயத்தின் கட்டத்தில் 82, 207.2 என்று இரண்டு எண்கள் இருக்கும். நான் 82-ஆல் வகுத்தேன், அலுமினியத்தை 13-ஆல் வகுத்தேன். 1.22, 1.54 என்று வந்தது. அலுமினியம்தான் அதிகம் என்பது சரியாகவே வந்துவிட்டதால் தப்பு கண்ணில் படவில்லை! மடங்குதான் 1.26 என்று வந்து, புத்தக விடையோடு ஒட்டாமல் நின்றது. 82 அணு எண், அதாவது புரோட்டான் கணக்கு. நமக்கு வேண்டியது புள்ளி வைத்த எண், அதுதான் அணு நிறை.

இப்போது எடையை அணு நிறையால் வகுங்கள். வருவது மோல், டஜன் மாதிரி அணுக்களை எண்ணுகிற ஒரு பெரிய கட்டு.

ஈயம்: 100 ÷ 207.2 = 0.483 மோல்
அலுமினியம்: 20 ÷ 26.98 = 0.741 மோல்

0.741 ÷ 0.483 = 1.53. எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அணுவில் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இதோடு நிறுத்தலாம். அவகாட்ரோ எண்ணால் (ஒரு மோலில் எத்தனை என்கிற கணக்கு) பெருக்குவது இந்தக் கேள்விக்கு வீண் வேலை என்பது என் கட்சி. மூன்று கவுளி வெற்றிலை இரண்டு கவுளியைவிட அதிகம் என்று சொல்ல யாராவது கட்டைப் பிரித்து எண்ணுவார்களா? எண்ணிக்கையே வேண்டும் என்று கேட்டால் மட்டும் 6.022 × 10²³-ஆல் பெருக்குங்கள்: ஈயத்தில் 2.91 × 10²³, அலுமினியத்தில் 4.46 × 10²³. (2019 முதல் அந்த எண்ணை 6.02214076 × 10²³ என்று துல்லியமாக வரையறுத்துவிட்டார்கள். நம் கணக்குக்கு மூன்று தசமம் தாராளம்.)

பின்னால் சேர்த்தது: இதைப் படித்த தம்பி ஒருவர் 16 கிராம் ஆக்சிஜனை 32-ஆல் வகுத்து அரை மோல் அணு என்று எழுதியிருந்தார். அது அரை மோல் மூலக்கூறு. ஆக்சிஜன் ஜோடியாகத் திரிவதால் அணு ஒரு மோல். அணுவைக் கேட்டால் 16-ஆல் வகுங்கள். ஹீலியத்தில் இந்தத் தொல்லை இல்லை, அது தனிக்கட்டை.