ட்ரெய்லர்ல குடியேறப் போறீங்களா? பிளாக் டேங்க் வால்வை மூடி வைங்க

மிட்லாண்ட், ஒடெஸ்ஸா, அபிலீன்னு மேற்கு டெக்சாஸ் பக்கம் சோலார் சைட், காத்தாலை, ஆயில்ஃபீல்டு வேலைக்கு வர்ற நம்ம ஆளுங்களுக்காக இதை எழுதுறேன். வந்து இறங்கினதும் அபார்ட்மென்ட் வாடகையைக் கேட்டு தலை சுத்தும், அப்போ கூட வேலை பார்க்குற யாராவது "ஒரு பழைய ட்ராவல் ட்ரெய்லரை வாங்கிப் போட்டுடு, ஆர்வி பார்க்ல மாச வாடகைக்கு இருந்துக்கலாம், புராஜெக்ட் முடிஞ்சதும் வித்துட்டுக் கிளம்பலாம்"னு சொல்வாங்க. ட்ராவல் ட்ரெய்லர்னா வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சக்கர வீடு, ஆர்வி பார்க்னா அந்த மாதிரி வீடுங்களை நிறுத்த லாட் லாட்டா வாடகைக்கு விடுற இடம். யோசனை நல்ல யோசனைதான், நான் வேண்டாம்னு சொல்ல வரல. ஆனா அதுல ஒரு கண்ணி இருக்கு, என்கூட வேலை பார்த்த மதுரைக்கார அண்ணன் ஒருத்தர் அதுல வசமா மாட்டினார், அவர் பட்ட பாட்டை நான் பக்கத்துல இருந்து பார்த்தேன், பக்கெட்டும் தூக்கினேன். சாப்பிட்டுக்கிட்டே படிக்காதீங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்.

முதல்ல பேப்பர் வேலையை முடிச்சுடுவோம். பழைய ட்ரெய்லர் வாங்கினா 30 நாளுக்குள்ள கவுன்ட்டி டாக்ஸ் ஆபீஸ் போய் 130-யு ஃபார்ம் கொடுத்து டைட்டிலை, அதாவது வண்டியோட உரிமைப் பத்திரத்தை, உங்க பேருக்கு மாத்தணும், 6.25 சதவீதம் சேல்ஸ் டாக்ஸ் கட்டணும். விக்கிறவர் கையெழுத்து போட்ட டைட்டில் கைக்கு வராம காசைக் கொடுக்காதீங்க. விசால இருக்கிறவங்க வீடு மாறின 10 நாளுக்குள்ள ஏஆர்-11ங்கிற விலாச மாற்ற ஃபார்மை ஆன்லைன்ல போட்டுடுங்க, எச்1பி-ல இருந்து சைட்டும் வேற ஊருக்கு மாறுதுன்னா கம்பெனி வக்கீல்கிட்ட மாறுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. பார்க்ல இடம் கேக்கும்போது ஃபுல் ஹுக்கப்பான்னு கேளுங்க, அதாவது தண்ணி, கரண்ட், சாக்கடை மூணும் உங்க லாட்லயே இருக்கணும். கரண்டுக்குப் பெரும்பாலும் தனி மீட்டர். இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க.

யாரும் வாயத் திறக்காதது டாய்லெட் விஷயம்.

ட்ரெய்லர்ல மூணு டேங்க் இருக்கும். நல்ல தண்ணிக்கு ஃப்ரெஷ் டேங்க், குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணிக்கு கிரே டேங்க், டாய்லெட்டுக்கு பிளாக் டேங்க். கோப்பைக்கு அடியில வளைஞ்ச பைப்பெல்லாம் கிடையாது. பெடலை மிதிச்சா ஒரு மூடி திறக்கும், போனது நேரா கீழ இருக்கிற டேங்க்ல விழும், அவ்வளவுதான் டெக்னாலஜி. டேங்க் சாதாரணமா 30, 40 கேலன் இருக்கும், நம்ம கணக்குல 115-லருந்து 150 லிட்டர். அதுலருந்து 3 இன்ச் பைப் ஒண்ணு வெளிய வரும், அதுல கையால இழுக்குற வால்வு, வால்வுக்கு அப்புறம் மடிக்கிற ஹோஸ், ஹோஸோட மறுமுனை பார்க்கோட சாக்கடைக் குழியில.

இப்ப புதுசா வர்றவர் என்ன நினைப்பாருன்னா, அதான் சாக்கடைல மாட்டியாச்சே, வால்வை எதுக்கு மூடணும், திறந்தே விட்டா தானா போய்க்கிட்டே இருக்கும்ல. நம்ம அண்ணனும் அதையேதான் நினைச்சார், அவர் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் வேற, அதனால ரொம்ப நம்பிக்கையா நினைச்சார்.

நம்ம ஊர் செப்டிக் டேங்க் பழக்கம் இங்க நம்ம காலை வாரிவிடும். ஊர்ல கெட்டியானது அடியில தங்கும், தண்ணி மட்டும் மேலாக வழிஞ்சு உறிஞ்சுகுழிக்குப் போகும், அடியில கிருமிங்க மெதுவா தின்னு செரிக்கும், நாம வருஷக்கணக்குல மூடியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டோம், நிறைஞ்சா லாரிக்கு ஃபோன் போடுவோம். அந்த டேங்க்ல கெட்டி தங்கணும், அதுக்குத்தான் கட்டுறதே. ஆர்வி டேங்க்ல துளிகூடத் தங்கக் கூடாது. அது தட்டையான பிளாஸ்டிக் பெட்டி, அடியில சொல்லிக்கிற அளவு சரிவு கிடையாது, உள்ள இருக்கிறது வெளிய போகணும்னா ஒரே நேரத்துல நிறைய தண்ணி வேகமா அடிச்சுக்கிட்டுப் போகணும். வால்வு எப்பவும் திறந்தே இருந்தா தண்ணி உடனே ஓடிடும், கெட்டியும் பேப்பரும் கோப்பைக்கு நேர் கீழ விழுந்த இடத்துலயே நிக்கும், இந்த ஊர் வெயில்ல ட்ரெய்லர் அடி வேற சூடேறும், அது காயும், அது மேல அடுத்த நாள் விழும், இப்படியே கறையான் புத்து மாதிரி வளர்ந்து ஒருநாள் கோப்பை வாயைத் தொட்டுடும்.

அண்ணன் கேஸ்ல இன்னும் ரெண்டு சேர்ந்துக்கிச்சு. தண்ணி லாரிக்குக் குடத்தோட வரிசையில நின்னு வளர்ந்த மனுஷன், குழாய்ல தண்ணி வீணா ஓடினா அவருக்கு வயிறு எரியும், அதனால பெடலைச் சும்மா ஒரு மிதி மிதிச்சு எடுத்துடுவார். அதோட வெட் வைப்ஸ். பாக்கெட்ல கொட்டை எழுத்துல டாய்லெட்ல போடலாம்னு எழுதியிருக்கு, அவரும் போட்டார். யார் எழுதுறாங்களோ தெரியல, அந்தத் துணி தண்ணில கரையவே கரையாது, ஒரு கண்ணாடி பாட்டில்ல போட்டு ஆட்டிப் பாருங்க, சாயங்காலம் வரைக்கும் துணியாவே மிதக்கும்.

முதல்ல வந்தது வாடை. அப்புறம் ஈ, ஏன்னா திறந்த வால்வு வழியா பார்க் சாக்கடையோட காத்தும் பூச்சியும் நேரா நம்ம டேங்க்குக்கு வரலாம், தடுக்க ஒண்ணும் கிடையாது. சுவத்துல டேங்க் அளவு காட்டுற மீட்டர் எப்பவும் ஃபுல்லுன்னே காட்டிச்சு, சென்சார்ல பேப்பர் ஒட்டினாலே அப்படிக் காட்டும்னு அவர் அதைக் கண்டுக்கல. கடைசியில பெடலை மிதிச்சா எதுவும் இறங்கல. டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு எனக்கு ஃபோன் பண்ணினார், குரலே மாறிடுச்சு.

ஒரு ரிப்பேர்காரரைக் கூப்பிட்டார். வந்தவர் குனிஞ்சுகூடப் பார்க்கல, ஒரு பாட்டில் மருந்தைக் கோப்பைல கவுத்துட்டு பில்லை நீட்டிட்டுப் போயிட்டார். வால்வு அப்பவும் திறந்துதான் கிடந்துச்சு! மருந்து புத்து மேல வழிஞ்சு நேரா சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்துச்சு. அந்தப் பில்லை நினைச்சா எனக்கே இன்னும் பத்திக்கிட்டு வருது.

வழி சொன்னது பக்கத்து லாட்ல இருந்த ரிட்டயர்டு ஆயில்ஃபீல்டு தாத்தா. வால்வை மூடு, தண்ணி ஊத்து, பொறுமையா இரு, அவ்வளவுதான் அவர் வைத்தியம். அதையே கொஞ்சம் விளக்கமா சொல்றேன். முதல்ல வால்வை மூடிட்டு, ஷவர்ல வர்ற சுடுதண்ணியை பக்கெட்ல பிடிச்சு கோப்பை வழியா ஊத்துங்க, கோப்பைக் கழுத்துக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும். அடுப்புல கொதிக்க வெச்ச தண்ணி வேண்டாம், பிளாஸ்டிக்கும் ரப்பர் சீலும் வீணாப் போயிடும். கூடவே என்சைம் இல்லன்னா பாக்டீரியா கலந்த ஆர்வி டேங்க் மருந்து. ப்ளீச் ஊத்தாதீங்க, கரைக்கிற பாக்டீரியாவையே அது கொன்னுடும். கிச்சன் அடைப்புக்கு விக்கிற ஆசிட், காஸ்டிக் வகையறாவும் வேண்டாம். கம்பி, மூங்கில்னு எதையாவது விட்டுக் குத்தவே குத்தாதீங்க, டேங்க் ஓட்டையாச்சுன்னா ட்ரெய்லர் அடியில மொத்தமா இறங்கிடும். ஊத்தி வெச்சுட்டு ஒரு நாள், முடிஞ்சா மூணு நாள் ஊற விடுங்க, அதுவரைக்கும் பார்க்ல பொது பாத்ரூம் இருக்கும், அங்க போங்க.

அப்புறம் கையுறை மாட்டிக்கிட்டு வால்வை ஒரே இழுப்பா இழுக்கணும். முதல் தடவைல முழுசா வராது, கொஞ்சம் வரும், திரும்ப மூடி, திரும்ப நிரப்பி, திரும்ப ஊற வெக்கணும். நடுவுல டேங்க் வாண்ட்னு ஒரு நீளக் குழல் விப்பாங்க, நுனியில தண்ணி பீச்சும், அதைக் கோப்பை வழியா விட்டு புத்தைச் சுத்தி அடிச்சா உடையும். இதுக்கு மட்டும் வால்வு திறந்திருக்கணும். டேங்க்ல தனியா ஃப்ளஷ் குழாய் வாய் இருந்து அதுல ஹோஸ் மாட்டினாலும் அங்கயேதான் நிக்கணும். மூடின வால்வோட தண்ணியைத் திறந்துவிட்டுட்டு ஃபோன் பேசப் போனா டேங்க் நிறைஞ்சு கோப்பை வழியா வீட்டுக்குள்ள வரும், இல்லன்னா கூரைல இருக்கிற வென்ட் பைப்பு வழியா வழியும். ரெண்டுல எது மேல்னு நான் சொல்ல மாட்டேன்.

ஹோஸ்ல ஒரு கண்ணாடி மாதிரி முழங்கை பைப் வாங்கி மாட்டுங்க, விலை கம்மி. அது வழியா ஓடுறது தெளிவாகுற வரைக்கும் நிறுத்தாதீங்க. ஐஸ்கட்டியைக் கொட்டி வண்டியை ஓட்டினா சுரண்டி எடுத்துடும்னு சில பேர் அடிச்சுச் சொல்லுவாங்க. ஐஸ் மிதக்கும், அடியில இருக்கிறதை அது எங்க சுரண்ட? இழுத்துக்கிட்டுப் போக பிக்கப் வண்டி இருக்குன்னா பாதி டேங்க் தண்ணியோட மெதுவா ஒரு சுத்து சுத்துறது உதவும், அலம்புறதுல இளகும். இத்தனைக்கும் அசையலன்னா பிரஷர் ஜெட் வெச்சு சுத்தம் பண்ற மொபைல் ஆர்வி ஆளுங்க இருக்காங்க, சில நூறு டாலர் ஆகும், வர்றதுக்கு முன்னாடியே மருந்து ஊத்துவியா இல்ல ஜெட் அடிப்பியான்னு கேட்டுடுங்க.

அண்ணன் இதைச் செய்யும்போது வாந்தி எடுத்தார். "படிச்சு அமெரிக்கா வந்து இதையா அள்ளணும்"னு புலம்பினார். எனக்கு அந்தப் புலம்பல் பிடிக்கல, சொல்லிட்டேன். ஊர்ல இந்த வேலையை யார் தலையில கட்டிட்டு நாம மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னோம்னு எல்லாருக்கும் தெரியும். இங்க லட்சக்கணக்குல ட்ரக் வாங்கி நிறுத்தியிருக்கிறவரும் ஞாயித்துக்கிழமை காலைல கையுறை போட்டுக்கிட்டு தன் டேங்கைத் தானேதான் காலி பண்றார், முடிச்சுட்டு கை கழுவிட்டு காபி குடிக்கிறார்.

சரி, வராம பார்த்துக்கிறதுதான் முக்கியம். பிளாக் வால்வை எப்பவும் மூடி வைங்க. மூணுல ரெண்டு பங்காவது நிறைஞ்சப்புறம் மட்டும் திறங்க, அப்பதான் தள்ளுற அளவுக்கு தண்ணி இருக்கும். பிளாக்கை முதல்ல விட்டுட்டு அதுக்கப்புறம் கிரே, சோப்புத் தண்ணி ஹோஸைக் கழுவிக் கொடுத்துடும். காலியான டேங்க்ல சும்மா விட்டுடாம திரும்ப ரெண்டு மூணு கேலன் தண்ணி ஊத்தி மருந்து போட்டு வைங்க, அடியில ஈரம் இல்லாம ஒரு நாளும் விடக் கூடாது. டாய்லெட் போறதுக்கு முன்னாடி கோப்பைல கொஞ்சம் தண்ணி விட்டுக்குங்க. பேப்பர் யூஸ் பண்ணினா சீக்கிரம் கரையுற மெல்லிசு பேப்பர். வைப்ஸ், நாப்கின், பஞ்சு எதுவும் கூடாது, குப்பைத்தொட்டி எதுக்கு இருக்கு.

ஒண்ணு மட்டும் நெஞ்சை நிமித்திச் சொல்லலாம், நம்ம சொம்புப் பழக்கம் இங்க ரொம்ப நல்லது. பேப்பர் மிச்சம், ஒவ்வொரு தடவையும் நல்லா தண்ணி இறங்குது. அண்ணன் ஊர்ல இருந்த மாதிரியே சொம்போட இருந்திருந்தா பாதிப் பிரச்சினை வந்திருக்காது, வெள்ளைக்காரன் மாதிரி இருக்கப் போய்தான் வைப்ஸ் வாங்கினார். ஹுக்கப் இல்லாத இடத்துக்கு சுத்திப் பார்க்கப் போகும்போது மட்டும் சொம்பைக் கொஞ்சம் கணக்காப் பிடிங்க, டேங்க் சீக்கிரம் நிறைஞ்சுடும். யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க்ல ஃபிஷிங் பிரிட்ஜ் கேம்ப்கிரவுண்டு ஒண்ணுலதான் சாக்கடை ஹுக்கப்பே இருக்கு, மத்த கேம்ப்கிரவுண்டுல எல்லாம் டேங்கைக் காலி பண்றதுக்குன்னு இருக்கிற பொது இடத்தை, டம்ப் ஸ்டேஷனை, தேடித்தான் போகணும். டம்ப் ஸ்டேஷன்ல ஹோஸ் கழுவ வெச்சிருக்கிற குழாய்ல குடிக்கத் தண்ணி பிடிச்சுடாதீங்க, உங்க நல்லதண்ணி ஹோஸை அங்க வெளியவே எடுக்காதீங்க.

கிரே டேங்கும் நம்ம சமையலுக்குச் செஞ்சது இல்ல. வடிச்ச கஞ்சி, தாளிச்ச எண்ணெய், சாம்பார் சட்டிய அலசின தண்ணி, கறிவேப்பிலை, கடுகு எல்லாம் போச்சுன்னா உள்ள கொழுப்பும் மாவும் சேர்ந்து படிஞ்சு பிளாக் டேங்கைவிட மோசமா நாறும். சட்டியை முதல்ல பேப்பரால துடைச்சுட்டுக் கழுவுங்க, சிங்க்ல வடிகட்டி போடுங்க. கஞ்சிக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், உப்பு போட்டுக் குடிச்சுடுங்க, சனிக்கிழமை மத்தியானம் எங்கம்மா டம்ளர்ல ஊத்திக் கொடுக்கிற மாதிரி ஒரு சின்ன வெங்காயத்தோட.

குளிர்காலத்தையும் சாதாரணமா நினைக்காதீங்க, டெக்சாஸ்தானேன்னு இருந்தவங்களை 2021 பிப்ரவரி பனிப்புயல் என்ன பண்ணிச்சுன்னு பார்த்தோம். உறையப் போகுதுன்னு அறிவிப்பு வந்தா ரெண்டு டேங்கையும் காலி பண்ணி, ஹோஸைக் கழட்டி தண்ணியை வடிச்சு உள்ள எடுத்து வெச்சுடுங்க. வால்வுகிட்ட உறையாம இருக்க ஆர்வி-க்குன்னே விக்கிற ரோஸ் கலர் ஆன்டிஃப்ரீஸை டேங்க்ல கொஞ்சம் ஊத்தலாம். கார்ல ஊத்துறது பச்சை கலர்ல ஒண்ணு இருக்கும், அது விஷம், அதைத் தொடாதீங்க.

பழைய ட்ரெய்லர் பார்க்கப் போகும்போது சோபா, ஏசி, டிவி எல்லாம் அப்புறம் பாருங்க. முதல்ல பாத்ரூமுக்குப் போய் பெடலை மிதிச்சு டார்ச் அடிங்க. டேங்க் அடி தெரியணும், இல்லன்னா தண்ணியாவது தெரியணும். மேடா ஏதாவது தெரிஞ்சா விலையைப் பேசுங்க. டார்ச்செல்லாம் எதுக்குன்னு விக்கிறவர் முனகினா கிளம்பிடுங்க, ஒடெஸ்ஸா ரோட்டோரத்துல விக்கிறதுக்கு எத்தனையோ ட்ரெய்லர் நிக்குது.