மொட்டை மாடிச் சுவரில் உங்களை அளந்து பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். "முகவாயைத் தூக்குங்க, காது தெரியணும், சிரிக்காதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் பிழைப்பு. அதனாலோ என்னவோ, புஷ்பமாலா என். என்ற பெங்களூர்க் கலைஞரின் படங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. 2000 முதல் 2004 வரை புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்கள் பற்றி ஒரு புகைப்படத் தொடர் செய்தார். சில படங்களில், கட்டம் போட்ட திரைக்கு முன்னால் அளவெடுக்கப்படும் பெண்ணாக அவரே நிற்கிறார். 1869இல் லாம்ப்ரே என்பவர் சொன்ன முறை அது: மரச்சட்டத்தில் பட்டு நூலால் 2 அங்குலக் கட்டம் கட்டி, வெவ்வேறு இனத்தாரின் உடம்பை அதன் முன் நிறுத்தி ஒப்பிடுவது.

இந்த மாதிரிப் படத்தை நீங்கள் வீட்டிலேயே, மொட்டை மாடியில் எடுக்கலாம். கிழக்குப் பார்த்த சுவராக எடுங்கள். மதியத்துக்கு மேல் வெயில் படாது. கட்டம் போட 7 அடி உயரம், 3 அடி அகலம். நூலில் கலர் சாக்பீஸ் பொடி தடவி, கொத்தனார் மாதிரி இழுத்துச் சுண்டினால் கோடு விழும். 2 அங்குலம் என்றால் 42க்கு 18 கட்டம், இடுப்பு விட்டுப்போகும். 4 அங்குலம் போதும். போன் 10 அடி தள்ளி, நிற்பவரின் தொப்புள் உயரத்தில் இருக்கட்டும். முகத்துக்கு நேராகப் பிடித்தால் கால் குட்டையாகிவிடும்.

முதலில் நீங்கள் அளவெடுக்க ஓர் உடம்பு, அவ்வளவுதான். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று. எடுப்பவர் அதட்டட்டும், நீங்கள் வாய் திறக்கக் கூடாது. வீட்டு ஆள் வேண்டாம், சிரிப்பு வந்துவிடும். அப்புறம் அவர் உங்களைப் பற்றி நாலு வரி எழுதட்டும், டி.சி.யில் அங்க அடையாளம் எழுதுவார்களே, அப்படி. பெயர் கூடாது. கடைப் பையன் என்னைப் பற்றி எழுதியது: "பெண். உயரம் பதினைந்தரைக் கட்டம். இடது புருவத்தில் தழும்பு. வலது தோள் சரிவு." கல்யாண வீடுகளில் கேமரா பை தொங்கித் தொங்கிச் சரிந்த தோள் அது. அந்த வரியில் அதற்கு இடமே இல்லை.

அடுத்த படம் உங்களுடையது. அதே கட்டம், அதே தூரம்; எப்படி நிற்பது, கையில் என்ன என்பது உங்கள் இஷ்டம். நான் பையை மாட்டிக்கொண்டு நின்றேன்.

சரி, இப்போது இடம் மாறுங்கள்: நீங்கள் எடுப்பவர், அவர் நிற்பவர். இதைத் தட்டிக்கழிக்கத் தோன்றும், விடாதீர்கள். அந்தப் பக்கம் போனதும் குரல் தானாக ஏறும். எனக்குத் தொழில் பழக்கம், உங்களுக்கும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். நீங்கள் எழுதிய நாலு வரியை எதிராளியிடம் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்கிற வரியை அடித்துவிடுங்கள், வரிகளைப் படத்தோடு பிரின்ட் போடும்போது அடித்த கோடும் தெரியட்டும். எல்லாம் ஒரே சைஸ், 4க்கு 6. வைத்துக்கொள்வதோ கிழிப்பதோ, படத்தில் நிற்பவர் பாடு.