வன்னியிலயிருந்து லண்டன் வாறவைக்கு: கிளினிக் கொப்பியை விட்டிட்டு வராதேங்கோ

ஜிபியில (குடும்ப டொக்டரிட்ட) பதியக் காசில்லை. விலாசத்துக்கு அத்தாட்சி இல்லையெண்டு திருப்பி அனுப்பினா விடாமல் கேளுங்கோ, அது அவையின்ர பிழை. மிச்சத்தை உறவுக்காரர் சொல்லுவினம். நான் சொல்ல வந்தது குளிசைக் கதை.

மச்சான் விசுவமடு. 2009இல சண்டையில தொடையில ஏறின செல் (எறிகணை) துண்டு இன்னும் உள்ளுக்க. பெட்டியில மிளகாய்த்தூள் 4 கிலோ, ஒடியல் 2 கிலோ. வருத்தமும் மருந்தும் எழுதிற கிளினிக் கொப்பிக்கு மட்டும் இடமில்லையாம்! குளிசை ஒரு கடதாசி உறையில வந்தது. மேல "காலை 1, இரவு 1". மருந்தின்ர பேர் இல்லை.

குளிருக்குக் கால் குத்துதெண்டு துடிச்சார். என்ர முதுகு நோவுக்கு டொக்டர் எழுதின கோ-கொடமோல் 30/500 எண்ட நோக் குளிசையை நான்தான் குடுத்தன். ஊரில ஆளுக்காள் குடுக்கிறதுதானே. தன்ர குளிசையும் போட்டு, இரண்டு பியரும் குடிச்சுப் படுத்தவர். விடியப்புறம் மூச்சு விட்டு விட்டு வந்தது, உதடு நீலம். அம்புலன்ஸுக்கு, 999க்கு அடிச்சம். "என்ன குடிச்சவர்?" எண்டு கேட்டவைக்கு நான் சொன்னது, "வெள்ளைக் குளிசை." வெட்கக்கேடு. அபின் வகை மருந்தை முறிக்கிற நலொக்சோன் ஊசியிலதான் கண் திறந்தவர். அந்த ஊசியின்ர வேலை, குளிசையின்ர வேலை முடிய முதலே முடிஞ்சிடுமாம், அதால ஆஸ்பத்திரியில மறிச்சு வைச்சிருந்தவை.

உறையில இருந்தது ட்ரமடோல். கோ-கொடமோலில இருக்கிறது கோடீன். இரண்டும் அபின் வகை, சேர்ந்தா மூச்சை அமத்தும், குடி அதைக் கூட்டும். கோடீனை ஈரல் மோர்பினாக்கும். சிலற்ற ஈரல் அதைப் படு வேகமாச் செய்யும், எனக்கு ஒத்தது அவருக்கு நஞ்சு. ட்ரமடோல் மனச்சோர்வுக் குளிசை மாதிரியும் மூளையில வேலை செய்யும், வலிப்பையும் கொண்டுவரும். தலையில செல் துண்டு கிடக்கிறவை, வலிப்பு வந்தவை, செர்ட்ராலின் எண்ட மனச்சோர்வுக் குளிசை எடுக்கிறவை கட்டாயம் டொக்டரிட்டச் சொல்லுங்கோ. கோ-கொடமோல் ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒரு பனடோல் அளவு, 500 மில்லிகிராம், பரசிட்டமோல் இருக்கு. மேலதிகமாப் பனடோல் போட்டா ஈரல் போயிடும்.

ட்ரமடோல் இங்க 2014இலயிருந்து கட்டுப்பாட்டு மருந்து. டொக்டரின்ர கடிதத்தோட கொண்டுவாங்கோ. கனகாலம் எடுத்தவை பயந்துபோய் ஒரேயடியா நிப்பாட்டவும் வேண்டாம், நடுக்கமும் வயித்தோட்டமும் பிடிக்கும். டொக்டர் மெல்ல மெல்லக் குறைப்பார்.

மூண்டாம் நாள் மாமி வட்ஸ்அப்பில கொப்பியின்ர படம் அனுப்பினா. கறையான் அரிச்ச ஓரம், நடுவில சிவப்பு மையால "ட்ரமடோல் 50".