கேப் பிளாட்டானாவா, சாதாரண பிளாட்டானாவா? கையில் எடுத்துப் பிரித்தறியும் முறை

பெர்மிட் இல்லாமல் கேப் பிளாட்டானா வாழும் குளங்களில் கை வைக்காதீர்கள். அது அழிவின் விளிம்புக்குப் போய்க்கொண்டிருக்கும் தென்னாப்பிரிக்கத் தவளை. அனுமதி பெற்ற ஆய்வுக் குழுவோடு பக்கெட் தூக்கித்தான் நானும் போகிறேன்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். கேப் டவுனுக்குத் தெற்கே, நன்னம்பிக்கை முனைப் பக்கம், ஃபைன்போஸ் என்ற உள்ளூர்ப் புதர்களுக்கிடையே குளிர்கால மழையில் தேங்கும் நீர், பால் விடாத தேநீர் நிறத்தில் இருக்கும். செடிகளிலிருந்து இறங்கும் டானினால் வந்த நிறம் அது. அமிலம் மிகுந்த அந்த நீரில்தான் கேப் பிளாட்டானா முட்டையிடும். பண்ணை அணைகளில் தேடினால் அதன் பெரிய உறவுக்காரரான சாதாரண பிளாட்டானாதான் மாட்டும்.

புனல்வாய்ப் பொறியில் கோழி ஈரலைக் கட்டி மாலையில் இறக்குங்கள். பொறியின் மேற்பகுதி நீருக்கு வெளியே நிற்பது கட்டாயம். தண்ணீரிலேயே கிடந்தாலும் மேலே வந்து மூச்சு வாங்கும் பிராணி இது. மூழ்கிய பொறியில் செத்துப்போகும். விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், பயங்கரமாக வழுக்கும். நாக்கில்லாத வாய், பின்காலில் மூன்று கறுப்பு நகங்கள் எல்லாம் இரண்டுக்கும் பொது. அவற்றை வைத்து முடிவு கட்ட முடியாது. நான் முதலில் புரட்டி வயிற்றைத்தான் பார்ப்பேன். கேப் பிளாட்டானாவுக்கு மஞ்சளில் கறுப்பு நெளிவுகள் அடர்ந்திருக்கும். முதுகில் நீளவாக்கில் கரும்பட்டைகள் ஓடும். அடுத்து கண்ணுக்குக் கீழே பாருங்கள்: சாதாரண பிளாட்டானாவுக்கு அங்கே ஒரு குட்டி முளை உண்டு, கேப் பிளாட்டானாவுக்கு இல்லை. அளவை மட்டும் நம்ப வேண்டாம். கேப் பிளாட்டானா ஏறக்குறைய 6 செ.மீ.தான் வளரும் என்றாலும், மற்றதன் இளசுகளும் அதே அளவில்தான் இருக்கும்.

அடையாளங்கள் கலந்து தெரிந்தால் ஒருவேளை கலப்பினம். குளக்கரையில் நின்று அடித்துச் சொல்லாதீர்கள்; மரபணுச் சோதனைதான் தீர்ப்பு.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பெரியது சின்னதைத் தின்னும், இரைக்குப் போட்டி போடும், இணையும் சேரும். அதனால்தான் நன்னம்பிக்கை முனைக் காப்பகத்தில் 1980களிலேயே சாதாரண பிளாட்டானாவைப் பிடித்து அகற்றத் தொடங்கினார்கள். கர்ப்பப் பரிசோதனைக்காக ஒரு காலத்தில் உலகெங்கும் கப்பலேறிப் போனதும், கலிபோர்னியாவிலும் சிலியிலும் காட்டுக்குள் பரவியதும் இந்தப் பெரியதுதான். சொந்த ஊரிலும் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிட்டது.

கேப் பிளாட்டானாவைப் பிடித்த குளத்திலேயே விடுங்கள். பூட்ஸ், வலை, பொறி எல்லாவற்றையும் கிருமிநாசினியில் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த குளத்துக்கு நடக்க வேண்டும். தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை ஈரமான பூட்ஸில்கூட ஊர் மாறும்.