நின்றுபோன நெடுங்கடிகாரத்தை மீண்டும் ஓடவைத்தல்

ஆளுயர மரப்பெட்டிக்குள் ஊசலும் எடைகளும் தொங்கும் பழைய கடிகாரம் இடம் மாற்றிய பிறகு நின்றுவிட்டால், உடனே இயந்திரத்தைக் கழற்ற வேண்டாம். குறை பல நேரங்களில் பெட்டியைத் தரையில் நிறுத்தியிருக்கும் விதத்தில்தான் இருக்கும். 1656-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் வடிவமைத்த ஊசல் கடிகாரங்கள் அகலமாக வீசி ஆடின. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் வந்த நங்கூர அமைப்பு (சக்கரத்தைப் பல் பல்லாக விடுவிக்கும், நங்கூர வடிவ உறுப்பு) வீச்சைச் சில பாகைகளுக்குள் அடக்கியதால், நீண்ட ஊசலைக் குறுகிய பெட்டிக்குள் வைக்க முடிந்தது. அவ்வளவு சிறிய வீச்சுக்குச் சிறு சாய்வும் தடைதான்.

முதலில் பெட்டியின் பின்பலகையைச் சுவரோடு திருகாணியால் பிணைத்து, இடைவெளியில் மரத்துண்டு வையுங்கள். ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் கடிகாரத்தில் தொங்கும் எடை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 அல்லது 6 கிலோ இருக்கும். அது இறங்கி ஊசல் குண்டின் மட்டத்துக்கு வரும்போது, பெட்டி தளர்வாக இருந்தால் எடையும் சேர்ந்து ஆடி ஊசலின் ஆற்றலை உறிஞ்சிவிடும். சாவி கொடுத்த சில நாட்களில், ஒவ்வொரு முறையும் அதே கட்டத்தில் கடிகாரம் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுவே.

அடுத்து ஒலியைக் கேளுங்கள். 'டிக்', 'டாக்' இரண்டுக்கும் இடையே சம இடைவெளி வேண்டும். ஊசலை மெல்ல இடப்புறம் தள்ளி, டிக் கேட்கும் தூரத்தைக் குறியுங்கள். வலப்புறமும் அவ்வாறே செய்யுங்கள். இடப்புறத் தூரம் அதிகமென்றால், ஊசலைத் தள்ளும் கவைக்கம்பியின் மேற்பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அடிமுனையை வலப்புறம் மயிரிழையளவு வளையுங்கள். பொறுமை வேண்டிய வேலை இது. இரண்டு மூன்று முறை திருத்தாமல் சரியாவது அரிது.

ஓடத் தொடங்கிய பின்பே நேரத்தைத் திருத்துங்கள். ஒரு வீச்சுக்கு ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளம் சுமார் 994 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் கூடினால் கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ 43 நொடி பின்தங்கும். குண்டின் அடியிலுள்ள திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒரு நாள் முழுதும் பார்த்த பிறகே மறுபடி தொடுங்கள்.

எண்ணெய் அச்சுமுனைகள் சுழலும் துளைகளுக்கு மட்டுமே, அதுவும் ஒரு துளி. சக்கரப் பற்களுக்குக் கூடாது. துளைகளில் பழைய எண்ணெய் கறுத்துக் கெட்டியாகியிருந்தால், அதன்மேல் புது எண்ணெய் விடுவது தூசியோடு கலந்து அச்சை அரைக்கும். அந்நிலையில் இயந்திரத்தைப் பிரித்துக் கழுவ வேண்டும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புதிய பித்தளை வளையமும் பதிக்க வேண்டும். அது தேர்ந்த கடிகாரக் கைவினைஞரின் வேலை.