மலேசியத் தோட்டப்புற டவுனில் எழுத்தாளர் வட்டம் நடத்துவது எப்படி

எழுத்தாளர் வட்டத்துக்கு ஒன்பது பேர் போதும். ஒரு கூட்டத்தில் மூன்று படைப்புகளுக்கு மேல் எடுத்துக்கொண்டால் கவனம் சிதறும். ஒன்பது பேர், மாதம் மூன்று படைப்பு என்றால் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முறை வரும். பதினைந்து பேரைச் சேர்த்தால் ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் பாதிப் பேர் வெறும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். அடுத்து வராமலே நின்றுவிடுவார்கள். வட்டங்கள் பல நான்காம், ஐந்தாம் மாதத்தில் கலைவதற்குச் சண்டை சச்சரவு காரணமாக இருப்பது அரிது. எழுதுகிற மூன்று பேரே எழுதிக்கொண்டிருக்க, மற்றவர்கள் தலையாட்டி அலுத்துப்போகிறார்கள். ஆகவே முறைப் பட்டியலை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். முறை வந்தவர் எழுதாமல் வந்தால் அவருடைய அரை மணி நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் தான் எழுத நினைத்ததை அவர் வாயால் சொல்லட்டும். பெரும்பாலும் அடுத்த மாதம் அது எழுத்தாகி வந்துவிடும்.

ஆட்களைத் தேடத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அறையோடு நின்றுவிட வேண்டாம். சுங்கை சிப்புட், பீடோர், பகாவ், லாபிஸ் போன்ற ஊர்களில் எழுதும் ஆசை உள்ளவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விடாமல் வாங்குபவர் யார் என்று பத்திரிகைக் கடைக்காரருக்குத் தெரியும். ஞாயிறு பதிப்பின் கவிதைப் பக்கத்திலும் வாசகர் கடிதத்திலும் பெயருக்குக் கீழே ஊர்ப் பெயர் இருக்கும். பள்ளி இறுதி எஸ்பிஎம் தேர்வில் தமிழ் இலக்கியம் எடுத்த பிள்ளைகள், ஓய்வுபெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்), தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்யும் இளைஞர், மின்னல் எஃப்எம்மை நாள் முழுதும் ஓடவிட்டு வீட்டு வேலை பார்க்கும் அக்கா என்று கலந்து சேருங்கள். ஒரே தொழில்காரர்கள் மட்டும் கூடும் வட்டத்தில் கதைகளும் ஒரே மாதிரி வரும்.

நாளும் இடமும்

மாதத்தின் முதல் வாரம் சம்பள வாரம். கடனடைப்பது, சாமான் வாங்குவது என்று யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். இரண்டாம் அல்லது மூன்றாம் ஞாயிறு, பிற்பகல் மூன்றரை முதல் ஐந்தரை வரை பொருத்தமான நேரம். கல்யாணச் சாப்பாடு முடிந்திருக்கும். பெண்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம். மறுநாள் விடியற்காலையில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர் நேரத்தோடு படுக்கலாம். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் கூலிம், சுங்கை பட்டாணி வட்டங்களுக்குச் சனிக்கிழமையே வசதி. ஆனால் அங்குள்ள தனியார் தொழிற்சாலைகளின் விடுமுறை வேறாக இருக்கலாம். உறுப்பினர்களைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். ஜொகூர் 2025 ஜனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. ஆண்டுக்குப் பத்துக் கூட்டம் போதும். தீபாவளி மாதத்தையும் ஊர்க்கோயில் திருவிழா மாதத்தையும் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். அந்த மாதங்களில் பிடிவாதமாகக் கூட்டம் வைத்தால் நான்கு பேர்தான் வருவார்கள். அந்தச் சோர்வு அடுத்த மாதமும் தொடரும்.

இடம் தேடும்போது கூரையைப் பாருங்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை வழக்கம். உட்கூரை இல்லாத தகரக் கொட்டகையில் மழை விழத் தொடங்கினால் கதை படிக்கும் குரல் அடுத்த நாற்காலிக்குக்கூடக் கேட்காது. கோயில் மண்டபம் எளிதில் கிடைக்கும். ஆனால் அங்கே சில விஷயங்களைப் பேச நா எழாது. கிறிஸ்தவ, முஸ்லிம் தமிழர்கள் வரத் தயங்கலாம். மாலைப் பூசைக்கு முன் எழுந்துவிடவும் வேண்டும். தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்குத் தலைமையாசிரியரிடம் இரண்டு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். பிள்ளைகளின் நாற்காலியில் பெரியவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது என்பதையும் யோசியுங்கள். ஊர் நூலகத்தின் கூட்ட அறையோ பாலாய் ராயா எனும் ஊர்ப் பொது மண்டபத்தின் பக்கத்து அறையோ கிடைத்தால் அதுவே மேல். சாப்பாட்டுக் கடை வேண்டாம், அங்கே தொலைக்காட்சி ஓயாது.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடை, மைக், பொன்னாடை எதுவும் தேவையில்லை. அவை வந்த நாளில் கூட்டம் விழாவாக மாறும், எழுத்து ஓரத்துக்குப் போய்விடும்.

இரண்டு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

படைப்பு ஆயிரம் சொல்லுக்குள் இருக்க வேண்டும். கவிதை என்றால் இரண்டு. ஆயிரம் சொல்லை நிதானமாக வாய்விட்டுப் படிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு வாரம் முன்பே பிரதி கைக்கு வந்துவிட்டால் நல்லது. கூட்டத்திலும் எல்லாருக்கும் ஒரு நகல் வேண்டும். கதைக்கு நான்கு பக்கம், மூன்று கதை, ஒன்பது நகல் என்றால் 108 பக்கம். பக்கத்துக்கு 20 சென் என்று வைத்தாலும் 21 ரிங்கிட் 60 சென். ஆளுக்கு ஐந்து ரிங்கிட் போட்டால் நகலுக்கும் தேநீருக்கும் போதும். தேநீரைத் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நடுவில் இடைவேளை விட்டால் பத்து நிமிடம் என்பது அரை மணி ஆகிவிடும்.

ஒவ்வொரு படைப்புக்கும் அரை மணி நேரம். படிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், குறிப்பெழுத மூன்று நிமிட மௌனம், பேசப் பத்து நிமிடம், எழுதியவர் பதில் சொல்ல ஐந்து நிமிடம். மீதியுள்ள அரை மணியில் பதினைந்து நிமிடம் எழுத்துப் பயிற்சிக்கு. நேரம் பார்க்க ஒருவரை நியமித்துக் கைத்தொலைபேசி மணியை அவரிடம் விடுங்கள். மணி அடித்தால் யாராக இருந்தாலும் வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்த வேண்டும்.

படைப்பை எழுதியவர் படிக்கக் கூடாது, இன்னொருவர் படிக்க வேண்டும். எழுதியவருக்குத் தன் கதை முழுதும் தெரியும். தாளில் இல்லாததைக் குரலால் நிரப்பிவிடுவார். கேட்பவர்களும் புரிந்ததாக நினைத்துவிடுவார்கள். வேறொருவர் படிக்கும்போது வாக்கியம் எங்கே இடறுகிறதோ அங்கே நாக்கும் இடறும். எழுதியவர் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும், திருத்தம் பாதி முடிந்தது. தோட்டத்துப் பேச்சில் எழுதிய உரையாடல் நிறைய இருந்தால் அந்தப் பேச்சு வாயில் வரக்கூடியவரையே படிக்கச் சொல்லுங்கள்.

பேசுவதற்கான ஒழுங்கு

பேச்சு நடக்கும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இதுதான் கடைப்பிடிக்க மிகக் கடினமான விதி, விட்டுக்கொடுக்கக் கூடாத விதியும் இதுதான். அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால் எல்லாரும் அந்த விளக்கத்தோடு பேசுவார்களே தவிர கதையோடு பேச மாட்டார்கள்.

இளையவர்தான் முதலில் பேச வேண்டும். எழுபது வயது ஐயா ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு இருபது வயதுத் தம்பி மாற்றுக் கருத்துச் சொல்வது நம் ஊர்களில் நடக்காது. வயது வரிசையைத் தலைகீழாக்கினால் இருவர் கருத்தும் கிடைக்கும், யாருக்கும் மரியாதைக் குறைவும் இல்லை. ஐயா, அக்கா, டீச்சர் என்ற விளிகள் அப்படியே இருக்கட்டும். குறை சொல்லும்போது மட்டும் “நீங்க இப்படி எழுதியிருக்கீங்க” என்பதற்குப் பதிலாக “கதையில இந்த இடம்” என்று சொல்லப் பழக்குங்கள்.

ஒவ்வொருவரும் மூன்றைச் சொன்னால் போதும். இந்தக் கதை எனக்கு என்ன சொன்னது, எந்த இடத்தில் என் மனம் விலகியது, எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். “நல்லா இருக்கு” என்று யாராவது சொன்னால், எந்த வரி என்று உடனே கேளுங்கள். வரியைக் காட்ட முடிந்தால் அது பாராட்டு. காட்ட முடியாவிட்டால் கதையை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

ஒற்றுப்பிழையை வாயால் பேசக் கூடாது. பென்சிலால் நகலில் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். வல்லினம் மிகுமா மிகாதா என்பது தமிழ் படித்தவருக்குச் சட்டென்று கண்ணில் படும் பிழை. அதைப் பிடித்துக்கொண்டால் பத்து நிமிடமும் அதிலேயே போகும், கதையில் அம்மா ஏன் அழவில்லை என்று கேட்க ஆளிருக்காது. தொழிற்சாலை வேலைக்காரப் பிள்ளை ஒருமுறை பிழைக்காகத் தலைகுனிந்தால் மறுமுறை வராது. அதற்காகப் பிழை பொருட்டில்லை என்று விட்டுவிடவும் கூடாது. இலக்கணம் தெரிந்த ஒருவர் அந்தக் குறிப்புகளை வைத்துக் கூட்டம் முடிந்த பிறகு எழுதியவரோடு தனியாகப் பத்து நிமிடம் உட்காரட்டும்.

இன்னொன்று இந்த ஊர்களுக்கே உரியது. கதையில் வரும் கிராணியின் மகள் யார் என்று அறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். உண்மையான ஒருவரை வைத்து எழுதினால் வயது, தொழில், குடும்ப அமைப்பு மூன்றையும் மாற்றிய பிறகே கொண்டுவர வேண்டும். அறையில் கேட்டது வெளியே போகக் கூடாது. இந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்துவிட்டால் பிறகு எல்லாரும் நிலாவையும் அம்மாவின் பாசத்தையும் பற்றி மட்டுமே எழுதுவார்கள்.

எதை எழுதுவது

தோட்டப்புற ஊரின் பெரிய சொத்து, அங்கே வேலை செய்தவர்களின் நினைவும் சொற்களும்தான். கித்தாவை (ரப்பர்) வெட்டிவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட பிறகு லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியாகிப் பலர் டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு), மங்கு (பால் வடியும் கிண்ணம்), நிரை (மர வரிசை), காண்டா வாளி (தோள்கம்பில் தூக்கும் பால் வாளி), ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்த பால்), தண்டல் (மேற்பார்வையாளர்), ஆயாக் கொட்டகை (பிள்ளைக் காப்பகம்) என்ற சொற்களைப் பேரப்பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், பொருளைப் பார்த்திருக்க மாட்டார்கள். வட்டத்துக்கு ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி, கூட்டத்துக்கு ஐந்து சொல் என்று எழுதிவாருங்கள். சொல், அதைச் சொன்னவர் எந்தத் தோட்டத்துக்காரர், எப்படிப்பட்ட வாக்கியத்தில் வரும் என்ற மூன்றும் வேண்டும். பத்துக் கூட்டத்தில் ஐம்பது சொல் சேரும். தோட்டத்துக்குத் தோட்டம் சொல் மாறும். எது சரி என்று வாதாடாமல் இரண்டையும் எழுதுங்கள்.

பயிற்சிக்கு இளையவர் ஒருவரையும் மூத்தவர் ஒருவரையும் சோடி சேருங்கள். பதினைந்து நிமிடப் பேச்சைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, அதிலிருந்து ஒரே ஒரு வேலையை மட்டும் இளையவர் எழுதிவர வேண்டும். மங்குகளைத் துடைத்து வைப்பது, பால் நிறுக்க வரிசையில் நிற்பது, உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குவது போன்ற ஒன்று போதும். “தோட்ட வாழ்க்கை” என்று பொதுவாக எழுதச் சொன்னால் வறுமை, கள்ளுக்கடை, கங்காணியின் கொடுமை என்று கேட்டுச் சலித்த கதைதான் வரும். ஒரு வேலையைக் கை அசைவு வரை எழுதச் சொன்னால் மனிதர்கள் தாமாக உள்ளே வருவார்கள்.

விவரத்தையும் அங்கேயே சரிபாருங்கள். உச்சி வெயிலில் மரம் வெட்டுவதாக ஒரு கதையில் வந்தால், வெட்டியவர் யாராவது நிறுத்திச் சொல்ல வேண்டும். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏறப் பால் குறையும். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, பால் கழுவிக்கொண்டு போய்விடும். வெட்டில்லாத நாளில் கூலி என்ன ஆனது என்று கேட்டால் அங்கேயே இன்னொரு கதை பிறக்கும்.

1950களில் தமிழ் நேசன் நடத்திய கதை வகுப்பும், அந்தப் பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் கு. அழகிரிசாமி நடத்திய இலக்கிய வட்டமும் இந்த நாட்டில் எழுத்தாளர்கள் உருவாகத் துணைநின்றவை. கூடிப் படித்துக் கூடிப் பேசும் இந்த முறை நமக்குப் புதியதல்ல.

அனுப்புவதும் அச்சிடுவதும்

இரண்டு முறை திருத்திய கதையை மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் போன்ற நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளுக்கு அனுப்பலாம். ஒரு கதையை ஒரே நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டுமே அனுப்புங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பாக அனுப்ப வேண்டும். தாளைப் படம் பிடித்து அனுப்பினால் யாராவது அதை மறுபடி தட்ட வேண்டும், அங்கே பிழை நுழையும். கைத்தொலைபேசியில் செல்லினம் போன்ற செயலியும் கணினியில் முரசு அஞ்சலும் இருந்தால் போதும். கையால் எழுதும் மூத்தவருக்குத் தட்டச்சு தெரிந்த இளையவரைச் சோடி சேர்த்துவிடுங்கள். தீபாவளி மலருக்கு இரண்டு மாதம் முன்பே போய்ச் சேர வேண்டும்.

தொகுப்பு நூலை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். முதல் ஆண்டிலேயே போட்டால் திருந்தாத கதைகள் நிரந்தரமாகிவிடும். பன்னிரண்டு கதை, 112 பக்கம், 200 பிரதி என்பது ஊர் வட்டத்துக்கு அளவானது. முன்பதிவுப் பணம் பாதியாவது சேர்ந்த பிறகு அச்சகத்துக்குப் போங்கள். 1987 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை எழுதியவருடையது, அவர் காலத்துக்குப் பின்னும் 50 ஆண்டு நீடிக்கும். அதனால் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்க அனுமதிக் கடிதம் வாங்கிவையுங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகத்தில் பெறலாம். அச்சான ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். அச்சகத்தார், பதிப்பாளர் இருவரின் பெயரும் முகவரியும் நூலில் இருக்க வேண்டும். காலாண்டிதழ் நடத்தும் ஆசை வந்தால், பருவ இதழுக்கு 1984 அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும் என்பதை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

பதிவு பற்றியும் முதலிலேயே பேசிவிடுங்கள். 1966 சங்கச் சட்டத்தில் ஏழு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர் கூடிய அமைப்பே சங்கம், ஒன்பது பேர் வட்டமும் அதில் அடங்கும். தனியாகப் பதிந்தால் ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், கணக்கும் காட்ட வேண்டும். சிறிய ஊரில் இந்த வேலை ஒருவர் தலையில் விழுந்து, அவர் எழுதுவதையே நிறுத்திவிடுவார். பதிவுபெற்ற மணிமன்ற (தமிழ் இளைஞர் அமைப்பு) கிளையோ வாசகர் மன்றமோ பக்கத்தில் இருந்தால் அதன் இலக்கியப் பிரிவாக இயங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எப்படியானாலும் ஒருங்கிணைப்பாளரை ஆண்டுதோறும் மாற்றுங்கள். முறைப் பட்டியல், சொல் நோட்டு, அனுமதிக் கடிதங்கள், பணக் கணக்கு ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்திருந்து அடுத்தவரிடம் கைமாற்றுங்கள். வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகி மட்டும் பதிவிடும்படி வைத்தால் கூட்ட அறிவிப்பு காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தொலையாது.